பத்து நாற்பது வண்டி

பேட்டரி வண்டி வந்த மூன்றாம் நாள் கணக்குப் போட்டேன். புகை குறையவில்லை. கூடியிருந்தது.

மறுபடியும் போட்டேன். அதே விடை.

இந்தக் கணக்குதான் என் வேலை. நகரத்தின் குப்பை வண்டிகளும் தண்ணீர் லாரிகளும் எவ்வளவு கரியமில வாயு விடுகின்றன, அதை எப்படிக் குறைக்கலாம் என்று பார்க்க என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். நான் படித்தது இயற்பியல். ஊர் தாமல். தினமும் பேருந்தில் காஞ்சிபுரம் வந்து போகிறேன். பெயர் ஏலவார்குழலி. வண்டி ஷெட்டில் அவ்வளவு நீளத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. குழலி, இல்லாவிட்டால் 'புகை மேடம்'.

பிள்ளையார்பாளையத்தில் அடுத்தடுத்து நான்கு நெசவுத் தெருக்கள், இருநூற்றுப் பதினெட்டு வீடுகள். அங்கே இத்தனை வருடம் குப்பை எடுத்தது யேசுதாஸ் அண்ணனின் டீசல் வண்டி. நாளைக்கு ஐந்து லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு இரண்டு கிலோ எழுநூறு கிராம் என்று வைத்தால் பதின்மூன்றரை கிலோ வாயு. பேட்டரி வண்டியைப் போட்டால் இது மூன்று கிலோவாகும் என்று எழுதிக் கொடுத்தேன். மின்சாரத்துக்காக எங்கோ எரிகிற நிலக்கரியையும் சேர்த்துத்தான்.

ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட எடையில்லை, அதிலிருந்து எப்படி இரண்டே முக்கால் கிலோ வரும் என்று ஷெட்டில் கேட்டார்கள். காற்றிலிருக்கிற ஆக்சிஜன் சேருகிறது என்றேன். யாரும் நம்பவில்லை.

யேசுதாஸ் அண்ணன்தான் காப்பாற்றினார். "ஏம்பா, ஒரு கிலோ அரிசி போட்டா ரெண்டரை கிலோ சோறு வர்ல? தண்ணி சேருது இல்ல? அந்த மாதிரிதான். பாவம், அது படிச்ச புள்ள, பொய்யா சொல்லும்?"

அந்த மூன்று கிலோதான் இப்போது பத்தொன்பது ஆகியிருந்தது.

காரணம் தெரிந்ததுதான். பேட்டரி வண்டி தெருவுக்குள் போகும். பாதி வீடுகளில் யாரும் வெளியே வர மாட்டார்கள். பாதிக் குப்பையோடு திரும்பி வரும். அது போன பிறகு ஒவ்வொரு வீடாக ஞாபகம் வந்து, கூடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்க் கொட்டுவார்கள். கவுன்சிலருக்கு போன் வரும். கவுன்சிலர் எங்களுக்குப் போன் செய்வார். அந்தக் குவியலை அள்ள டீசல் வண்டி காலையில் ஒரு முறை, பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை தனியாகப் போகும். ஐந்து லிட்டர் ஆறானது. பேட்டரி வண்டியின் மூன்று கிலோ அதற்கு மேல்.

சுகாதார அலுவலர் சிவபாலன் சார் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பதினஞ்சு வேலை நாள் சோதனைன்னு கேட்டு வாங்கிருக்கேன்மா. மூணு போயிடுச்சு. மீதி நாள்ல என்ன வேணா பண்ணுங்க. ஆனா கடைசி அஞ்சு நாளு டீசல் வண்டி அந்தத் தெரு பக்கமே வரக்கூடாது. ஒரு நாள் வந்தாலும் சரி, பேட்டரி வண்டிய பஸ் ஸ்டாண்டுக்குக் குடுத்துடுவேன்."

"அங்க யார் ஓட்டுவாங்க சார்?"

"அங்க ஆள் இருக்குது."

அப்படியானால் இப்போது ஓட்டுகிற தீபிகா அக்கா மறுபடியும் தள்ளுவண்டிக்குப் போக வேண்டும்.

தீபிகா அக்காவுக்கு ஊர் ஓரிக்கை. நான்கு வருடம் தள்ளுவண்டியில் குப்பை எடுத்தவர். பாலாற்றுப் பக்கம் காலி இடத்தில் தன் அண்ணனின் ஆட்டோவை ஓட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்து, இந்த ஒரே ஒரு வண்டிக்கு எழுதிப் போட்டு வாங்கியவர். முதல் நாள் வண்டிக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, எலுமிச்சம்பழம் நசுங்கியது சக்கரத்தில் தெரியவே இல்லை, அவ்வளவு மெதுவாகக் கிளம்புகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"தள்ளுவண்டி ஒண்ணும் கஷ்டம் இல்ல மேடம்," என்றார். "ஆனா நான் ஓட்டிக்கினு போறத எங்கம்மா ரெண்டு தரம் பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போச்சு. அதுக்கு இன்னா சொல்றது?"

*

சத்தம் இல்லாததுதான் காரணம் என்று நினைத்தோம். வண்டியில் ஏற்கெனவே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒரு குரல் சொல்லும். வீட்டுக்குள் நான்கைந்து தறி ஓடும்போது அது எப்படிக் கேட்கும்? யேசுதாஸ் அண்ணனின் மச்சான் மைக் செட் வைத்திருந்தார். நான்காம் நாள் அவருடைய பெரிய ஸ்பீக்கரை வண்டியின் மேல் கட்டினோம்.

இந்த முறை எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒருவர் கையிலும் குப்பை இல்லை.

மூன்றாம் வீட்டுக் கதிர்வேல் தறியில் இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். "இன்னாம்மா, சாமி பொறப்பாடா? எந்தக் கோயிலு?"

"குப்பை வண்டிண்ணே."

"குப்பைக்கா இந்த மேளம்? ஜரிகை அறுந்துடுச்சும்மா! யாரு கட்டுவா, நீயா?"

மாலைக்குள் நாற்பத்தோரு கையெழுத்தோடு மனு வந்துவிட்டது. அங்கே கோர்வைச் சேலை நெய்கிறார்கள். சேலையின் உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் என்று இரண்டு பேர் ஒரே தறியில் உட்கார்ந்து, குரல் கொடுத்துக்கொண்டே நாடாவை மாற்றி மாற்றிப் போட வேண்டும். எங்கள் சத்தத்தில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கவில்லை. தெரு முழுக்க எத்தனையோ இழை தப்பியிருந்தது.

மனுவின் முதல் கையெழுத்து வடிவாம்பாள் என்று இருந்தது. மறுநாள் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்க நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

முதல் தெருவின் முதல் வீடு. வடிவாம்பாள் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் உடலை நெய்ய, பக்கத்தில் கரைக்கு உட்கார்ந்திருந்தவர் அவர் கணவர் உமாபதி. நான் வாசலில் நின்று எதையோ சொன்னேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் குனிந்து காதருகே சொன்னேன்.

அக்கா தறியை நிறுத்தினார். "மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? நாங்களே யோசிச்சுக்கினு இருக்கோம், ஏன் வண்டி வர்றது தெரியமாட்டேங்குதுன்னு."

"யேசுதாஸ் அண்ணன் வண்டி வந்தா மட்டும் எப்படிக்கா கேட்டுச்சு?"

"அது எங்க கேட்டுச்சு? கால்ல தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"இங்க வா, உக்காரு." கணவரைப் பார்த்து, "நீ எந்திரி, பாப்பா உக்காரட்டும்," என்றார்.

உமாபதி அண்ணன் எழுந்து நின்றார். "பத்து வருசமா எந்திரின்னு சொன்னா டீ குடிக்கத்தான் சொல்லும். இன்னிக்கி ஆளையே மாத்திடுச்சு."

அது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டைமேல் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மேலே இடித்துக்கொள்ளாமல் உட்காருவதற்கே எனக்கு நேரமாயிற்று. அடுத்த வீட்டுப் பெண் தன் தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்; விருந்தாளி என்று அக்கா சொன்னதும் போய் மறுபடி ஓட்டினார். குழிக்குள் குளிர்ச்சியாக இருந்தது.

"சும்மா உக்காராத. நாலு எழை போட்டுக் குடுத்துட்டுப் போ," என்றார் உமாபதி அண்ணன்.

"ஐயோ, அது போட்டுச்சுன்னா அந்தச் சேலைய நீதான் கட்டிக்கணும்," என்றார் அக்கா.

தெருமுனைக் குவியலை அள்ள யேசுதாஸ் அண்ணன் வந்துகொண்டிருந்தார் போலும். பக்கத்துத் தறிகளின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பாதத்தில் ஏதோ ஊர்ந்தது. மிதிகட்டை மெல்ல நடுங்கியது. பிறகு முழங்கால் வரைக்கும் ஏறியது.

"வந்துட்டாரு பாரு," என்றார் அக்கா.

இத்தனை வருடமும் இருநூற்றுப் பதினெட்டு வீடுகளும் குப்பை வண்டியைக் காலால் கேட்டிருக்கின்றன. அந்த எஞ்சினின் ஆட்டம் மண் வழியாகக் குழிக்குப் போயிருக்கிறது. பேட்டரி வண்டி மண்ணை அசைப்பதில்லை. நான் நான்கு நாளாகக் காற்றில் போகும் சத்தத்தைப் பற்றியே யோசித்திருக்கிறேன். ஒலி திடப்பொருளில் நன்றாகப் பரவும் என்று பரீட்சையில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியவள் நான்.

கூடையை வாசலில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "வெச்சா மாடு மேயும், இல்லேன்னா நாயி கெளறும்," என்றார் அக்கா. ஒன்பது மணிக்கு முன்னால், தறி ஓடாத நேரத்தில் வரலாமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் தெரு நெடுக பாவு கட்டியிருக்கும், பட்டு இழைகளுக்குக் கஞ்சி போட்டு உலர்த்திக்கொண்டிருப்பார்கள், சைக்கிள்கூடப் போக முடியாது என்றார். மாலையில் வரலாம். ஆனால் எங்கள் குப்பைக் கிடங்கை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

ஷெட்டுக்கு வந்து கண்டுபிடித்ததைச் சொன்னேன். தீபிகா அக்கா கவனமாகக் கேட்டார். யேசுதாஸ் அண்ணன் அதைவிடக் கவனமாகக் கேட்டார்.

*

ஆறாம் நாள் பேட்டரி வண்டி முந்நூற்று முப்பது கிலோ குப்பையோடு வந்தது. ஏழாம் நாள் முந்நூற்று நாற்பத்து இரண்டு. தெருமுனையில் குவியல் இல்லை. கவுன்சிலரிடமிருந்து போன் இல்லை.

ஒன்றுமே செய்யாமல் எப்படிச் சரியாயிற்று என்று கேட்டேன்.

"பழகிட்டாங்க மேடம்," என்றார் தீபிகா அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சிவபாலன் சார் சந்தோஷமாக மேலே எழுதுவதற்கு அறிக்கை கேட்டார். எட்டாம் நாள் காலையில் அதற்காக எல்லா வண்டிகளின் லாக் புத்தகத்தையும் எடுத்தேன். யேசுதாஸ் அண்ணனின் டீசல் வண்டியை அந்த வாரம் வேறு பகுதிக்கு மாற்றவில்லை. குவியல் இருந்தால் மட்டும் போக வேண்டும். குவியல் இல்லாத இரண்டு நாளும் அது ஐந்து ஐந்து லிட்டர் குடித்திருந்தது.

குப்பை முழுவதும் வந்திருந்தது. டீசலும் முழுவதும் போயிருந்தது.

"அண்ணே, ஆறாம் நாளும் ஏழாம் நாளும் வண்டி எங்க போச்சு?"

யேசுதாஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "நீதானம்மா சொன்னே, மண்ணு அதிரணும்னு. அதான் நான் முன்னாடி போனேன். தீபிகா பின்னாடி வந்துச்சு. நான் ஒண்ணும் குப்பை எடுக்கல, சும்மா ஓட்டிக்கினு மட்டும்தான் போனேன்."

"முன்னாடியா?"

"ஆமா. நம்ம வண்டி ஆட்டும். அவங்க வெளிய வருவாங்க. பாத்தா பேட்டரி வண்டி நிக்கும். ஜோரா வேல நடந்துச்சு!" அவர் முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது. "தீபிகா பொண்ணு வண்டிய எழந்துடக் கூடாது இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தீபிகா அக்காவும் சிரித்தார். கடைசியில் யேசுதாஸ் அண்ணனும் சிரித்துவிட்டு, "இன்னாம்மா, தப்பா?" என்றார்.

"சோறு வேகலைன்னு பக்கத்து அடுப்பையும் பத்தவெச்ச மாதிரிண்ணே."

"அப்ப கேஸு ரெட்டிப்பா போவும்."

"ஆமா."

"அட, ஆமா," என்றார் அவர்.

சிவபாலன் சாரிடம் போய் அறிக்கை இப்போது வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பதினோராம் நாளு கணக்கு ஆரம்பிக்குது," என்று மட்டும் சொன்னார்.

*

ஒன்பதாம் நாள் காலை முழுக்க முதல் தெருவின் முனையில் நின்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டின் சத்தத்தையும் அடுத்த வீட்டின் சத்தத்தையும் பிரித்துக் கேட்க முடியாது.

பத்து நாற்பதுக்கு ஒரு சைக்கிள் வந்தது. பின்னால் பெரிய டீ கேன், ஹாண்டிலில் கண்ணாடித் தம்ளர் செருகிய கம்பிக்கூடை. டீக்காரர் மணி அடிக்கவில்லை, குரல் கொடுக்கவில்லை. வடிவாம்பாள் அக்கா வீட்டுக்குள் போய் இரண்டு தம்ளரைத் தறிப் பலகையில் வைத்துவிட்டு வந்தார். அந்தத் தறி நின்றது. அடுத்த வீட்டுக்கு அவர் போவதற்கு முன்பே அங்கே தறி நின்றது. அதற்கடுத்த வீட்டிலும். ஐந்து நிமிடத்தில் தெருவே அமைதியாகிவிட்டது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது கேட்டது. அடுத்த தெரு வீடுகளுக்கும் இந்த வீடுகளுக்கும் பின்சுவர் ஒன்றுதான். அங்கேயும் நிற்கத் தொடங்கியது.

டீக்காரர் பெயர் பழனி. அவர் இரண்டாம் தெருவுக்குத் திரும்புமுன் ஓடிப்போய்ப் பிடித்தேன். தீபிகா அக்காவும் வண்டியோடு வந்து சேர்ந்தார். நான் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், தீபிகா அக்கா சொல்லி முடித்தார். உங்கள் பின்னாலேயே எங்கள் வண்டி வரட்டும்.

பழனி அண்ணன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

"என் டீக்குப் பின்னால குப்பை வண்டியா?"

"மூடி போட்ட வண்டிதாண்ணே."

"என் டீயில இன்னா வாசனை வருது, சொல்லு."

"ஏலக்கா," என்றார் தீபிகா அக்கா.

"ஒன் வண்டியில?"

"இந்தத் தெருவுல மீனா, கோழியா, இன்னாண்ணே இருக்குது? எல்லாம் கத்திரிக்கா காம்பும் வாழ எலையும். கோயில் அன்னதானம் மாதிரி இருக்கும். மோந்து பாக்கறியா?"

"பேஜாரு பண்ணாத. என் கஸ்டமருங்க டீய வாயில வெக்கறப்போ ஒன் மூஞ்சியப் பாக்கணுமா?"

"எம்மூஞ்சிக்கு இன்னாண்ணே கொறைச்சலு?"

அவர் கேன் மூடியை அழுத்தி மூடினார். சைக்கிளை எடுக்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணே, நீங்க தம்ளர் வெச்சதுலேர்ந்து மறுபடி தறி ஓடறதுக்கு ஒன்பது நிமிஷம் ஆகுது. டீ குடிக்கறதுக்கு நாலு நிமிஷம். மீதி அஞ்சு நிமிஷம் பேச்சு. அந்த அஞ்சு நிமிஷம் குடுத்தா போதும்."

"இதையெல்லாம் அளந்தியா?"

"ஆமாண்ணே."

"யார் யாருக்கு எவ்ளோ சக்கரைன்னும் அளந்தியா?"

"இல்லண்ணே."

"அதான் பாத்தேன்," என்று சிரித்தார். பிறகு நிபந்தனை போட்டார். வண்டி எப்போதும் அவருக்கு ஐந்து வீடு பின்னால்தான் இருக்க வேண்டும். அவரை முந்தக்கூடாது. அந்த ஸ்பீக்கர்க் குரல் கூடாது. தீபிகா அக்கா தம்ளரைத் தொடக்கூடாது.

"நான் டீ குடிச்சா?"

"அப்ப மட்டும் தொடு."

பத்தாம் நாள் முயன்று பார்த்தோம். பழனி அண்ணன் முன்னால், ஐந்து வீடு பின்னால் பேட்டரி வண்டி. டீ குடித்துவிட்டு வாசலுக்கு வந்தவர்கள் வண்டியைப் பார்த்து உள்ளே போய்க் கூடையை எடுத்து வந்தார்கள். முந்நூற்றுப் பதினெட்டு கிலோ. டீசல் வண்டி ஷெட்டிலேயே நின்றது. யேசுதாஸ் அண்ணன் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. நான்கு நாளும் மூன்று கிலோ, மூன்று கிலோ என்று எழுதினேன்.

*

பதினைந்தாம் நாள் சிவபாலன் சார் தன் ஸ்கூட்டரில் வந்தார். சோதனைத் தாளை ஒரு அட்டையில் செருகி வைத்திருந்தார். யேசுதாஸ் அண்ணனையும் டீசல் வண்டியோடு மெயின் ரோட்டில் நிற்கச் சொல்லியிருந்தார். பதினொன்றேகாலுக்குள் பேட்டரி வண்டியில் பாதி ஏறாவிட்டால் டீசல் வண்டி உள்ளே வரும்.

பத்து நாற்பது ஆயிற்று. பழனி அண்ணன் வரவில்லை.

பத்து நாற்பத்தைந்து. வரவில்லை. நான் அவருக்குப் போன் செய்தேன்.

பின்னால் நாயனச் சத்தம். "யாரு? குழலி பாப்பாவா? நான் மாகறல்ல இருக்கேன்மா. அக்கா பேத்திக்குக் காதுகுத்து."

"சொல்லவே இல்லியேண்ணே!"

"தெரு பூரா சொன்னேனே! வீட்டுலயே டீ போட்டுக்கோங்கன்னு நேத்தே சொல்லிட்டேன். நீங்க நம்ம கஸ்டமர் இல்லியே, அதான் விட்டுப்போச்சு."

போனை வைத்தேன். தெருவில் ஒரு தறியும் நிற்கவில்லை. தீபிகா அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சிவபாலன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். மெயின் ரோட்டில் யேசுதாஸ் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை எங்கேயோ தொலைத்தவர்போலப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல நேரமில்லை. இருநூற்றுப் பதினெட்டு வீடு. ஆனால் பழனி அண்ணன் ஒவ்வொரு வீட்டுக்கும் போகுமுன்பே அங்கே தறி நின்றிருந்ததே? அவர்கள் டீக்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்துத் தறி நின்றதைக் கேட்டுத்தான் நிறுத்தினார்கள்.

வடிவாம்பாள் அக்கா வீட்டுக்குள் ஓடினேன். "அக்கா, தறிய நிறுத்துங்க!"

இந்த முறை வாசலிலிருந்தே கேட்டுவிட்டது. நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியது எனக்கே புதிது.

"இரு, இந்த எழை முடியட்டும்." உமாபதி அண்ணன் கரையைப் போட்டார், அக்கா உடலைப் போட்டார், பலகையை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். "இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. சும்மா நிறுத்துங்க. வாசல்ல வந்து நில்லுங்க."

இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். அடுத்த வீட்டுத் தறி நின்றது. ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, நின்னுட்டே? அறுந்துடுச்சா?"

மூன்றாம் வீட்டிலிருந்து கதிர்வேல் வந்தார். "இன்னா, சொசைட்டிக்காரங்க வந்துட்டாங்களா?"

"தெரியலப்பா. நிறுத்தச் சொல்லுச்சு இந்தப் பொண்ணு."

"யாரு சொன்னாங்க நிறுத்தச் சொல்லி?" என்று ஐந்தாம் வீட்டிலிருந்து கேட்டார்கள்.

"யாரோ வந்துக்கினு இருக்காங்களாம்."

அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஏழாம் வீட்டுக்குப் போய்விட்டது. பத்தாம் வீட்டில் அது சென்னையிலிருந்து வந்த கடைக்காரர் ஆனது. அமைதி தெருவின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வாசலில் நின்றுகொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபிகா அக்கா வண்டியை நகர்த்தினார். கூட்டத்தின் நடுவே வந்து நிற்கும்வரை யாரும் கவனிக்கவில்லை.

கதிர்வேல் திரும்பிப் பார்த்துத் துள்ளினார். "யம்மா! நீ எப்ப வந்தே?"

"இப்பதாண்ணே. குப்பை இருக்குதா?"

"குப்பைக்காகவா இந்த ஆர்ப்பாட்டம்? தறிய நிறுத்த வெச்சு, தெருவையே வெளிய நிக்க வெச்சு..."

"வந்ததுதான் வந்துட்டீங்க, எடுத்துக்கினு வந்துடுங்கண்ணே. ஜல்தி."

அவர் திட்டிக்கொண்டே உள்ளே போனார். திட்டிக்கொண்டே கூடையோடு வந்தார்.

இரண்டாம் தெருவிலும் தறிகள் நின்றிருந்தன. மூன்றாம் தெருவில் எங்களுக்கு முன்பாகவே கூடைகள் வாசலில் இருந்தன. நான்காம் தெருவுக்கு நாங்கள் போனபோது யாரோ பெரிய ஆபீசர் குப்பையைப் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்து, வாசலெல்லாம் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். ஸ்கூட்டரில் பின்னால் வந்த சிவபாலன் சாருக்கு ஒரு வீட்டில் நாற்காலி போட்டார்கள். மறு வீட்டில் மோர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்றபடியே அவர் இரண்டு தம்ளர் மோர் குடித்தார்.

பதினொன்று பத்துக்கு வண்டி பாதிக்கு மேல் ஏறியிருந்தது. பதினொன்றரைக்கு மூடியை அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது. யேசுதாஸ் அண்ணனுக்குச் சாவி கிடைத்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

திரும்பி முதல் தெருவுக்கு வந்தோம். சிவபாலன் சார் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"இன்னிக்கி சரி. நாளைக்கி?"

"நாளைக்கி பழனி அண்ணன் வந்துடுவாரு சார்," என்றார் தீபிகா அக்கா.

"அவரு திரும்பவும் லீவு போட்டா? தினமும் யாரோ வர்றாங்கன்னு சொல்லி ஏமாத்துவியா?"

தீபிகா அக்கா என் பக்கம் திரும்பினார். நான் வடிவாம்பாள் அக்கா வீட்டைப் பார்த்தேன்.

வடிவாம்பாள் அக்கா மறுபடி தறியில் உட்காராமல் வாசலிலேயே நின்றிருந்தார். "சார், எங்க தறிதான் மொதல் தறி," என்றார். "டீ வந்தாலும் வராட்டியும் பத்து நாப்பதுக்கு நான் நிறுத்தறேன். மீதி பேரு நின்னுடுவாங்க."

"நிப்பாங்களா?"

"நிக்காம? எங்க வீட்டுல தறி நின்னா தெருவுல ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளாது. சண்டையா, விருந்தாளியான்னு பாத்தே ஆவணும்."

"சண்டைக்கு அது தனியா நிறுத்தும் சார்," என்றார் உமாபதி அண்ணன்.

கதிர்வேல் தன் வாசலிலிருந்து கத்தினார். "ஞாயித்துக்கெழம வேணாம்னு சொல்லுக்கா!"

"ஞாயித்துக்கெழம எங்களுக்கே லீவுண்ணே!" என்று தீபிகா அக்கா கத்தினார்.

சிவபாலன் சார் அட்டையை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தார். டீசல் வண்டி வந்த நாள் என்ற கட்டத்தில் ஐந்து சுழியம் போட்டார். கீழே கையெழுத்திட்டார். வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"டிரைவர் பேரு எழுதாம விட்டிருக்கீங்க. எழுதுங்க."

நான் மு. தீபிகா, ஓரிக்கை என்று எழுதினேன். தீபிகா அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"எழுத்து நல்லா இருக்குது மேடம்," என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஏறு, ஏறு. ஒரு மணிக்குக் கிடங்க மூடிடுவான்."